என் தலையில் அவன் வைத்த முடி

இரண்டு வாரங்கள் நான் முக்காடில்லாமல் பாடம் நடத்தியிருக்கிறேன். அது எனக்கே தெரியாது.

கல்முனை மெயின் வீதியில் ஒரு புடைவைக்கடையின் மேல்மாடியில் எங்கள் அலுவலகம். வெளிநாடுகளில் இருக்கும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு அங்கிருந்து கணிதம் சொல்லிக்கொடுத்தோம். முதலில் சாதாரண வீடியோவில்தான். பிறகு மனேஜருக்கு ஒரு புது யோசனை வந்தது. பிள்ளை ஒரு கருவியைக் கண்ணில் மாட்டிக்கொண்டால், டீச்சர் அதே அறையில் எதிர்க் கதிரையில் இருப்பதுபோல் தெரிய வேண்டும். பக்கத்திலிருந்து பார்த்தால் காது, எழும்பிப் பின்னால் போனால் முதுகு. இங்கே நான் கையை உயர்த்தினால் அங்கே அந்த உருவமும் அதே நேரம் உயர்த்தும்.

உருவங்களைச் செய்யும் வேலை என் மாமாவின் மகனுக்கு. எனக்கு மச்சான் முறை. ஆறு வருடங்களுக்கு முன்னால் அவனுக்கு என்னைப் பெண் கேட்டு வந்தார்கள். கலியாணம் முடிந்தால் கெம்பசுக்குப் படிக்கப் போகத் தேவையில்லை என்று அவன் சொல்லியனுப்பியிருந்தான். நான் மாட்டேன் என்றேன். பிறகு இருவருக்கும் வேறு வேறு இடங்களில் கலியாணமாயிற்று. இந்த அலுவலகத்தில் அவன் வந்து சேர்ந்த நாளிலிருந்து, வேலைக்குத் தேவையானதைத் தவிர நான் அவனோடு கதைத்ததில்லை.

வட்டமாக நிறுத்திய கெமராக்களுக்கு நடுவே ஒரு ஸ்டூலில் என்னை உட்காரவைத்தான். சிரிக்கச் சொன்னான், புருவத்தைத் தூக்கச் சொன்னான், 'ஆ' சொல்லச் சொன்னான். கோபப்படச் சொன்னபோது எனக்கு நடிக்க வேண்டியிருக்கவில்லை. முக்காட்டோடுதான் இருந்தேன். முக்காட்டோடுதான் அந்த உருவமும் வரும் என்று நம்பினேன். பாடம் நடக்கும்போது என் திரையில் பிள்ளையும் கரும்பலகையும்தான் தெரியும். நான் எப்படித் தெரிகிறேன் என்பது எனக்குத் தெரியாது.

லண்டனில் இருக்கும் ஒன்பது வயதுப் பிள்ளையொன்று, பின்னக் கணக்கின் நடுவே தலையைச் சரித்துப் பார்த்துவிட்டுச் சொன்னது: "டீச்சர், உங்கட முடி சரியான வடிவு. அப்பாவும் பாத்திட்டுச் சொன்னவர்."

கணக்கைப் பாதியில் விட்டுவிட்டு மச்சானின் அறைக்குப் போனேன்.

"என்ட உருவத்தக் காட்டுங்க."

அவன் காட்டினான். நான் இருந்தேன். என் முகம், என் பல் வரிசை, என் நாடி. தலையில் துணியில்லை. தோளில் விழும் சுருட்டை முடி. ஒரு கணம், ஒரேயொரு கணம், வடிவாகத்தான் இருக்கிறேன் என்று நினைத்தேன். அந்தக் கணத்தை யாரிடமும் நான் சொன்னதில்லை. பிறகு, 'முக்காடு எங்க?' என்று கேட்டேன்.

"துணி சரிவரல்ல புள்ள," என்றான் அவன். "நீ தலயத் திருப்பக்குள்ள மடிப்பெல்லாம் பிய்ஞ்சி பிய்ஞ்சி தெரிஞ்சிச்சி. மனேஜர் ரெண்டு நாளைக்குள்ள கேட்டாரு. முடி வெச்சா லேசு."

"என்னட்டக் கேட்டியா?"

அன்றைக்குத்தான் முதன்முதலாக அவனை 'நீ' என்றேன்.

"இது உன்ட முடி இல்லயே. கம்ப்யூட்டர்ட முடி. யாரும் உன்ட முடியப் பாக்கல்ல. இதுல என்ன பாவம் வரப்போகுது?"

நான் திரைக்குக் கிட்டே போனேன். நெற்றியின் இடது ஓரத்தில் ஒரு சுழி இருந்தது. எண்ணெய் வைத்தாலும் படியாத, என் சுழி. பன்னிரண்டு வயதுக்குப் பிறகு வெளி ஆண்கள் யாரும் அதைக் கண்டதில்லை. அதற்கு முன்னால் அவனும் நானும் சாய்ந்தமருதுக் கடற்கரையில் ஒன்றாக விளையாடிய பிள்ளைகள்.

"அப்ப இந்தச் சுழி கம்ப்யூட்டருக்கு எப்பிடித் தெரியும்?"

அவனுடைய காது மடல் சிவந்தது. எனக்கு அவனை அடிக்க வேண்டும் போலிருந்தது. அவசரத்தில் செய்த வேலையில்லை அது. உட்கார்ந்து, நினைத்து நினைத்துச் செய்திருக்கிறான்.

சத்தம் கேட்டு மனேஜர் வந்தார். விஷயத்தைச் சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல் திரையைப் பார்த்துக்கொண்டே, "புள்ளைகளுக்குப் புடிச்சிரிக்கி. இந்தப் பாடத் தவணை முடியட்டும், பொறகு மாத்துவோம்," என்றார்.

"சேர், அது என்ட தல. தவணை முடியுமட்டும் வாடகைக்கு உட ஏலா."

"கொஞ்சம் பொறுமையாக் கதைங்க."

நான் என் மேசைக்குப் போய், என்னிடம் படிக்கும் ஐந்து பிள்ளைகளின் தாய்மாருக்கும் ஒருவர் பின் ஒருவராக அழைத்தேன். 'நீங்கள் கண்டது நான் இல்லை, என்னைக் கேட்காமல் செய்த ஒன்று' என்று சொன்னேன். மூன்றாவது தாய் உடனேயே மனேஜருக்கு அழைத்து ஏசத் தொடங்கினார். அதன் பிறகுதான் மனேஜருக்கு அவசரம் வந்தது. மச்சானைக் கூப்பிட்டு அழிக்கச் சொன்னார்.

அவன் முடியைத் தெரிவுசெய்து அழித்தான். மொட்டைத் தலையோடு என் உருவம் திரையில் நின்றது.

"முகத்தையும்," என்றேன்.

"முகத்துக்கு மட்டும் ஒரு கிழம கஷ்டப்பட்டன் புள்ள."

"முகமும் என்ட."

அழித்தான். வேறு எங்காவது இருக்கிறதா என்று கேட்டேன். அல்லாஹ் மேல் சத்தியமாக இல்லை என்றான். நான் நம்பவில்லை. இன்றைக்கும் நம்பவில்லை.

வீட்டில் என் கணவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அந்த வேலைய உட்டுடுங்க," என்றார். அதற்கும் எனக்குக் கோபம்தான் வந்தது. தப்புச் செய்தவன் ஏசி அறையில் இருக்க, நான் ஏன் வீட்டில் இருக்க வேண்டும்? இருந்தாலும் விட்டேன். அந்தப் படிகளில் இனி ஏற எனக்கு மனம் வரவில்லை. இரண்டு பிள்ளைகளின் தாய்மார் என்னைத் தேடிக் கண்டுபிடித்து அழைத்தார்கள். இப்போது அவர்களுக்குச் சாதாரண கெமராவின் முன்னால், முக்காட்டோடு சொல்லிக்கொடுக்கிறேன்.

அடுத்த மாதம் மாமா வந்தார், சவளக்கடை வயலின் புது அரிசி ஒரு மூட்டையோடு. "அவன் மனசில ஒண்டும் வெச்சிச் செய்யல்ல மகள். குடும்பத்துக்குள்ள இத இழுக்க வேணாம்," என்றார். உம்மாவும் அவர் பக்கம் தலையாட்டினார். மாமாவுக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். மூட்டையைத் திருப்பி அவருடைய ஓட்டோவில் ஏற்றச் சொன்னேன். உம்மா இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை.

போன பெருநாளுக்கு அடுத்த நாள், ஒரு சொந்தக்காரர் வீட்டு வாசலில் அவன் எதிரே வந்தான். ஸலாம் சொன்னான். கடமைக்குப் பதில் சொன்னேன்.

"இன்னும் கோவமா?"

"ஓம்," என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன்.