கருவிழியில் முளைத்த பூஞ்சணம்

வேளாண்மை (நெற்பயிர்) வெட்டும் மெஷின் துப்பிய தூசியில் ஏதோ ஒன்று என் இடக் கண்ணில் அடித்தது. சாகாமத்து வயலிலிருந்து கல்முனைக்கு வந்து சேரும்வரை கண்ணைக் கசக்கிக்கொண்டே வந்தேன். வயல்காரனுக்குக் கண்ணில் தூசி விழுவது புதினமா என்ன? கழுவிவிட்டுப் படுத்துவிட்டேன். விடிந்தபோது கண் சிவந்திருந்தது. வெளிச்சம் பட்டால் ஊசி குத்துவது போல வலித்தது.

எங்கள் பக்கம் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிபோவான். மாமி நல்ல நல்ல கறியெல்லாம் ஆக்கி அனுப்புவார். ஆனால் முன்னுக்கு வந்து நிற்கமாட்டார். கதவுக்குப் பின்னால் நின்று மகளிடம் சொல்வார், மகள் என்னிடம் சொல்வாள். இஸ்லாமிய மார்க்கம் அப்படிக் கேட்கவில்லை, மாமி தாய்க்குச் சமம்தான். இது ஊர் வழக்கம். மாமி அனுப்புவதை மாப்பிள்ளை வேண்டாமென்று சொல்லக் கூடாது என்பதும் வழக்கம். அந்த வழக்கத்தால் என் வயிறு நன்றாகவே முன்னுக்கு வந்திருந்தது.

அன்று வந்தது கறியல்ல. மாமிக்குக் கண்புரை (கண்வில்லை மங்கிப்போதல்) ஒப்பரேஷன் செய்தபோது கொடுத்த சொட்டு மருந்தில் மிச்சம்.

“உம்மா இதப் போடட்டாம். அவட கண்ணுக்கு நல்ல சுகமாம்,” என்றாள் என் மனைவி ரினோஸா.

போட்டேன். சிவப்பும் வலியும் குறைந்தன. மாமியின் கைராசியைப் புகழ்ந்து சொல்லியனுப்பினேன். அதன்பிறகுதான் பார்வை புகைந்துகொண்டு வந்தது. கண்ணாடியில் பார்த்தால் கருவிழியில் ஒரு வெள்ளைப் புள்ளி.

ஆஸ்பத்திரியில் டொக்டர் கண்ணை மரக்கவைத்து, கருவிழியை (கண்ணின் முன்புறத்தில் கண்ணாடி போலிருக்கும் படலம்) மெல்லச் சுரண்டி எடுத்தார். நுணுக்குக்காட்டியில் பார்த்துவிட்டு வந்தார்.

“இது பங்கசு, பூஞ்சணம். நெல்லுத் தூசியோட உள்ளுக்குப் போயிருக்கு. வீட்டில என்ன மருந்து போட்டீங்க?”

சொன்னேன். அவர் பெருமூச்சு விட்டார்.

“அதில ஸ்டீரொய்ட் இருக்கு. பங்கசோட சண்டை பிடிச்சது உங்கட உடம்பு. அந்த மருந்து உடம்பைத்தான் அடக்கினது. வலி குறைஞ்சிது, பங்கசு வளர்ந்திட்டு.”

“கண் தப்புமா டொக்டர்?”

“தப்ப வைக்கப் பாப்பம். மருந்து கேக்காட்டி கருவிழி மாத்த வேண்டி வரும். அதுக்கும் மிஞ்சினா கண்ணையே எடுக்க வேண்டியும் வரலாம். மணித்தியாலத்துக்கு ஒருக்கா மருந்து விடணும்.”

அன்றே என்னை வார்டில் சேர்த்தார்கள்.

இதே நோயோடு இருப்பவர்களுக்காக, வார்டில் கிடந்து நான் கேட்டறிந்ததைச் சொல்கிறேன். பாணில் (ரொட்டியில்) பச்சையாகப் படரும் பூஞ்சணமும் மழைக்கு முளைக்கும் காளானும் பங்கசுதான். அது செடியுமல்ல, விலங்குமல்ல, பக்டீரியாவுமல்ல, தனி இனம். தன் சாப்பாட்டைத் தானே ஆக்கத் தெரியாது. இழை விட்டு, தொட்டதைக் கரைத்து உறிஞ்சும். மாமியார் வீட்டு மாப்பிள்ளை நான், இதைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. மண்ணிலும் வைக்கோலிலும் காற்றிலும் அது இருக்கிறது. பெரும்பாலும் நமக்கு நல்லதே செய்கிறது. வைக்கோல் உக்கி வயலுக்குப் பசளையாவது அதனால்தான். தேமலும் படர்தாமரையும் குழந்தையின் வாயில் படியும் வெள்ளையும் அதன் சின்னச் சேட்டைகள். சீனி வருத்தம் (நீரிழிவு) முற்றியவர்களிடமும் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களிடமும் அது சுவாசப்பைவரை, இரத்தம்வரை போய்விடும். படர்தாமரை ஆளுக்கு ஆள் தொற்றும். கண்ணில் எனக்கு வந்தது அப்படித் தொற்றுவதில்லை.

வார்டில் தாதிமார் மருந்து விட்டார்கள். இரவிலும் முகம் சுளிக்காமல் வந்து எழுப்பினார்கள். அவர்களுக்காக இன்றும் துஆ கேட்கிறேன்.

வீட்டுக்கு விட்ட பிறகு ஒரு சிக்கல். ரினோஸா பள்ளிக்கூடத்தில் படிப்பிப்பவள். அவள் போனபின் யார் மருந்து விடுவது? நானே விட்டால் பாதி கன்னத்தில் வழிந்தது. தான் கொடுத்த மருந்தால் வந்த வினை என்று தெரிந்ததிலிருந்து மாமி சரியாகச் சாப்பிடவில்லை. கதவுக்குப் பின்னால் அழுகை கேட்கும். “தூசிக்கு மாமி என்ன செய்ற?” என்று நான் சொல்லியனுப்பியும் அது நிற்கவில்லை.

ஒரு நாள் காலை கதவு திறந்தது. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, கழுவிய கையோடு மாமி என் முன்னால் வந்து நின்றார்.

“கண்ணத் தொறங்க மனே.”

கலியாணம் முடித்த நாளிலிருந்து அவர் நேரே என்னோடு கதைத்த முதல் வார்த்தை அது. விரலால் என் இமையை விரித்தார். சொட்டு சரியாக உள்ளே விழுந்தது.

அதன்பிறகு என் பொழுதை, தொழுகைக்கு அழைக்கும் வாங்கோசை மட்டும் பிரிக்கவில்லை. இரண்டு சொட்டுகளுக்கு நடுவில்தான் வாழ்ந்தேன். மாமி வருவார், விடுவார், “எரியிதா மனே?” என்பார், போவார். புள்ளி மெல்ல மெல்லச் சுருங்கியது. இருக்கிறதே தெரியாமல் இத்தனை காலம் முகத்தில் சுமந்த கண்ணை இப்போது பிள்ளையைப் போல் பார்க்கிறேன். தழும்பு இருக்கிறது. அந்தப் பக்கம் விளக்கைச் சுற்றி மெல்லிய புகை தெரியும். அல்ஹம்துலில்லாஹ், தெரிகிறதே!

“இனி மருந்து வேணாம்,” என்று டொக்டர் சொல்லி வீடு வந்த அன்று, வழக்கமான நேரத்துக்கு மாமி கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

“மருந்து முடிஞ்சிட்டு மாமி. ரினோஸா சொல்லல்லியா?”

“சொன்னாள் மனே. சும்மா பாத்திட்டுப் போகத்தான் வந்த.”

நான் கண்ணை நன்றாக விரித்துக் காட்டினேன்.