எட்டு போல்ட்டும் ஒரு கிளிப்பும்

பெயிண்ட் தொழிற்சாலையில் எல்லோருக்கும் அவர் எட்டண்ணன். சம்பளச் சீட்டில் வேறு பெயர் இருந்தது. அதை யாரும் படித்ததில்லை. சுவிட்ச் பெட்டியின் மூடிக்கு எட்டு போல்ட் என்றால், எட்டையும் முறுக்காமல் அந்த இடத்தைவிட்டு நகரமாட்டார். சாப்பாட்டு மணி அடித்தாலும் சரி, முதலாளியே வந்து நின்றாலும் சரி.

"ஏழு போட்டா பத்தாதாண்ணே? மூடி பறந்தா போயிடும்?"

"மூடி பறக்காது. நீதான் பறப்ப."

எலக்ட்ரீஷியன் என்றால் பல்பு மாற்றுகிறவர் என்று நினைப்பவர்களுக்கு இந்தப் பிடிவாதம் விளங்காது. தின்னர் ஆவி மிதக்கும் அறையில் சாதாரண சுவிட்சைப் போட்டால் அதன் பொறி போதும், கூரையோடு போய்விடலாம். அதனால்தான் கனத்த இரும்புப் பெட்டி. உள்ளே பொறி வரும், ஆவி புகுந்தால் வெடிக்கவும் செய்யும். ஆனால் மூடிக்கும் பெட்டிக்கும் நடுவில் இருக்கிற, மயிரிழைகூட நுழையாத இடுக்கு வழியாக வெளியே வருவதற்குள் நெருப்பு ஆறிப்போகும். ஒரு போல்ட் தளர்ந்தால் இடுக்கு அகலும், நெருப்பு ஆறாமல் வெளியே வரும். இவ்வளவுதான் விஷயம். இதைத்தான் அவர் இருபத்திரண்டு வருடமாகக் கண்ணும் கருத்துமாகக் காத்துவந்தார்.

அதே தொழிற்சாலையின் கலவை அறையில் அவருடைய மச்சினன் வேலை பார்த்தான். மனைவியின் ஒரே தம்பி. வேலை வாங்கிக் கொடுத்ததும் இவர்தான். வாய் ஓயாத பயல், இவரையே கிண்டலடித்துவிட்டு இவர் டிபன் பாக்ஸிலேயே கைவைப்பான். நாற்பது நாட்களுக்கு முன்னால், காலை பதினொரு மணிக்கு, கலவை அறை வெடித்ததில் அவன் போய்விட்டான். எட்டண்ணன் சுவருக்கு அந்தப் பக்கம், பம்பு அறையில் இருந்தார். அவருக்கு வலது காது மட்டும் போயிற்று.

அன்று காலைதான் கலவை அறைப் பெட்டியை அவர் திறந்து துடைத்து மூடியிருந்தார். கேட்க வேண்டுமா? அவர் கை வைத்த பெட்டிதான் வெடித்தது என்று பேச்சுக் கிளம்பிற்று. ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? மாமியார் இந்த வீட்டு வாசலை மிதிப்பதை நிறுத்தினாள். மனைவி ஒன்றும் கேட்கவில்லை. சோறு போட்டாள், தண்ணீர் வைத்தாள், முகத்தைப் பார்க்காமல் அடுக்களைக்குப் போனாள். அவருக்கும் ஒன்றும் தோன்றவில்லை. அழுகை வரவில்லை, பசி தெரியவில்லை. குளிக்கும்போது தண்ணீர் சுடுகிறதா சில்லென்றிருக்கிறதா என்றுகூடக் கவனிக்கவில்லை. கருவிப் பை கட்டிலடியில் அப்படியே கிடந்தது. அவர் அதைத் திறக்கவில்லை.

நாற்பதாம் நாள் விசாரணை அதிகாரி அவரைக் கூப்பிட்டனுப்பினார். கண்ணாடி போட்ட நடுத்தர வயதுப் பெண்மணி. மேசைமேல் அந்தப் பெட்டி கன்னங்கரேலென்று இருந்தது. எட்டு போல்ட்டும் இருந்தன. உதவியாளர் ஒவ்வொன்றாகக் கழற்ற, எட்டண்ணனின் உதடு தன்னால் எண்ணிற்று. மூடி திறந்தது. உள்ளே கரியே இல்லை. செப்பு முனைகள் அவர் துடைத்தது துடைத்தபடி மின்னின. மூடியின் உட்பக்கம் அவர் பென்சிலால் எழுதிய தேதிகூட அழியவில்லை.

"உள்ளே வெடிச்சிருந்தா இங்க கரி படிஞ்சிருக்கும்" என்றார் அதிகாரி. "உங்க பெட்டி மேல ஒரு தப்பும் இல்ல. தின்னர் டிரம்முக்கு மாட்டுற எர்த் கிளிப்தான் சரியாக் கடிக்கல, ஸ்பிரிங் செத்துப் போயிருக்கு. தின்னர ஊத்தும்போது டிரம்ல மின்சாரம் சேரும் இல்லையா, அது தரைக்கு இறங்க வழியில்லாமப் பொறி தட்டியிருக்கு. கிளிப்ப மாத்தச் சொல்லி யாரும் கேட்கலையா?"

"பதிவு எதுவும் இல்ல மேடம்" என்று சூப்பர்வைசர் முந்திக்கொண்டார்.

எட்டண்ணனை யாரும் கேட்கவில்லை. அவரும் வாயைத் திறக்கவில்லை.

வீட்டுக்கு வருவதற்குள் செய்தி வந்து சேர்ந்திருந்தது. மனைவி வாசலில் நின்று, நாற்பது நாளில் முதல்முறையாக அவர் முகத்தைப் பார்த்தாள்.

"காரணம் உங்க பெட்டி இல்லையாமே?"

"இல்ல."

அவள் அங்கேயே உட்கார்ந்து ஓவென்று அழுதாள். "நானும் உங்க பெட்டிதான்னு நெனச்சேங்க. வாய்விட்டுக் கேட்கத்தான் பயம். அம்மாகிட்ட சொல்லிட்டேன், நாளைக்கே வர்றாங்களாம். என்ன மன்னிச்சிருங்க."

மடியில் கனமில்லாதவன் என்று எல்லோரும் ஒத்துக்கொண்டாயிற்று. இந்த இடத்தில் மனுஷனுக்கு நெஞ்சு இளக வேண்டும். அவருக்கு இளகவில்லை. உள்ளே போய்க் கட்டிலடியிலிருந்து பையை இழுத்தார். பிளாஸ்டிக் உறை பிரிக்காத ஒரு கிளிப்பை எடுத்து வந்து அவள் கையில் கொடுத்தார்.

"என்னங்க இது?"

"டிரம்ல மாட்டுற கிளிப். அன்னைக்குக் காலைலயே ஸ்டோர்ல வாங்கிட்டேன். பம்பு ரூம்ல பெட்டி மூடிட்டிருந்தேன். உன் தம்பி வந்தான். 'மாமா, பழசு நழுவுது, வந்து புதுச மாட்டிவிடுங்க'ன்னான். அஞ்சு போல்ட் போட்டாச்சு மாப்ள, இன்னும் மூணுதான், முடிச்சுட்டு வர்றேன்னேன்."

"அவன் என்ன சொன்னான்?"

"சிரிச்சான். 'எட்டு முடியாம நீங்க எந்திரிக்க மாட்டீங்க. அதுவரைக்கும் பழசையே வச்சு சமாளிச்சுக்கிறேன்'னு போயிட்டான். மெயின்லயே கரண்ட்ட நிறுத்தித்தான் வச்சிருந்தேன். அந்தப் பம்பு ரூம் பெட்டிய அப்படியே விட்டுட்டுப் போயிருந்தாலும் ஒண்ணும் ஆயிருக்காது."

அவள் உறையைப் பிரித்தாள். கிளிப்பை அழுத்திப் பார்த்தாள். ஸ்பிரிங் புதிதல்லவா, இரண்டு கட்டைவிரலும் வேண்டியிருந்தது.

"இத மாட்ட எவ்வளவு நேரம் ஆகும்?"

"ரெண்டு நிமிஷம்."

அவள் எழுந்து அவருக்கு வலது பக்கம் வந்து நின்றாள். மெல்ல ஏதோ சொன்னாள். அந்தக் காதில் எதுவும் விழாது என்று அவளுக்குத் தெரியும். என்ன சொன்னாய் என்று கேட்க அவருக்குத் தைரியம் வரவில்லை.