குறுவை டேபிள் காணாமல் போன காலை

டேட்டாபேஸிடம் கணக்குக் கேட்கும் க்வெரி வரியில், கேள்விக்குறி போட்ட இடத்தில் எதைக் கொடுத்தாலும் அது வாங்கிக்கொள்ளும் என்று நம்பியவன் நான். தேதியை வாங்கிக்கொண்டது, விவசாயியின் பெயரை வாங்கிக்கொண்டது. கணக்கு இருக்கும் டேபிளின் பெயரை மட்டும் வேண்டாம் என்றா சொல்லப்போகிறது? திருக்காட்டுப்பள்ளி நெல் மண்டியில், பாயின் மேஜைக் கணினியில் சிவப்பெழுத்து வரும்வரை அந்த நம்பிக்கைக்கு ஒரு குறையும் இல்லை.

பாய் மண்டி முதலாளி. துபாயில் இருக்கும் மகன் அங்கிருந்தே இருப்பைப் பார்த்து விலை பேச வேண்டும் என்பதற்காக, மென்பொருள் எழுதித் தருவதாகச் சொன்ன என் பேச்சை நம்பிக் காகிதக் கணக்கையே நிறுத்தியிருந்தார். மூன்று போகத்தின் கணக்கையும் ஒரே டேபிளில் வைக்கலாம் என்றபோது மட்டும் சம்மதிக்கவில்லை. "குறுவை நெல்லையும் சம்பா நெல்லையும் ஒரே குவியலாக் கொட்டுவீங்களா தம்பி?" ஆகவே குறுவை, சம்பா, தாளடி என்று மூன்று டேபிள். க்வெரி ஒன்றுதான், அவர் தேர்ந்தெடுக்கும் போகத்தின் பெயர் கேள்விக்குறியில் போய் உட்காரும். அன்று காலைதான் அந்தச் சாமர்த்தியத்தைச் செய்திருந்தேன்.

பாய் குறுவையை அழுத்தினார். சிவப்பில் சில வரிகள். குறுவை என்ற பெயருக்கு அருகே பிழை என்பதோடு படிப்பதை நிறுத்திவிட்டேன். டேபிளே அழிந்துவிட்டது என்று முடிவுகட்டினேன்.

"பாய், மூட்டையெல்லாம் குடோன்லதானே இருக்கு?"

"நான் எங்க தம்பி கொண்டுபோகப் போறேன்?"

"இல்ல, ஒருதடவை எண்ணிடலாம்னு."

மேலும் கீழும் பார்த்தார். "எண்ணுங்க. டீ உள்ளயே அனுப்புறேன்."

என்னோடு வேலை பார்ப்பவர், அன்று கூட வந்திருந்த ஒரத்தநாட்டு மேடம்; அவரைக் கணினி முன் விட்டுவிட்டு, இஸ்திரி போட்ட பேன்ட்டைச் சுருட்டிக்கொண்டு குடோனுக்குள் நுழைந்தேன். நெல் தூசியில் ஒவ்வொரு தும்மலுக்கும் எண்ணிக்கை மறந்தது. வேலை போனால் அப்பாவிடம் என்ன சொல்வது என்ற யோசனையில் ஒரே அடுக்கை இரண்டு தடவை எண்ணினேன். வெளியே பாய் தொலைபேசியில் மகனிடம் சொல்வது கேட்டது: "இரு வாப்பா, இன்ஜினியர் நெல்லுக்குள்ள இருக்காரு."

மேடம் கதவருகே வந்து நின்றார். "சார், கேள்விக்குறியில போறது மேற்கோள் குறிக்குள்ளதான் போகும். தேதிக்கும் ஆள் பேருக்கும் அது சரி. டேபிள் பேருக்கு ஆகாது. பேரை நேரா க்வெரியில சேர்த்துட்டேன். அந்த மூணு பேரைத் தவிர வேற எதுவும் நுழையாதபடி தடுத்தும் வச்சாச்சு."

"அப்ப குறுவை?"

"அது எங்கயும் போகலை சார். நீங்கதான் குடோனுக்குள்ள போயிட்டீங்க."

ஒரு மூட்டைக் கணக்குகூட அழிந்திருக்கவில்லை. மகன் துபாயிலிருந்து இருப்பைப் பார்த்தார், விலை பேசினார். நான் எண்ணிய கணக்குதான் கடைசிவரை ஒத்துவரவில்லை.