நாற்பத்தெட்டு கிலோ பிடி

அந்தப் பள்ளியின் விளையாட்டு மாஸ்டரைப் பிள்ளைகள் முகத்துக்கு நேரே சார் என்பார்கள். முதுகுக்குப் பின்னால் ஈட்டி. உடைந்துபோன மூங்கில் ஈட்டியின் முழ நீளத் துண்டொன்று எப்போதும் அவர் கக்கத்தில் இருக்கும். அடி வாங்காத உடம்பு உடம்பே இல்லை என்பது அவர் கட்சி. அவருடைய அப்பா கசாப்புக் கடைக்காரர். பெல்ட்டை உருவினால் பக்கிள் பக்கமாகத்தான் வீசுவார். அந்தத் தழும்புகளை மாஸ்டர் சட்டையைத் தூக்கிக் காட்டி, "இதுதான் என்னை ஆளாக்குச்சு" என்பார். பாவம், உண்மையிலேயே நம்பினார்.

நம்புவதற்கு அவரிடம் சாட்சியும் இருந்தது. கைப்பிடியின் பலத்தை அளக்கும் இரும்புக் கருவி. உள்ளங்கைக்குள் வைத்து இறுக்கினால் முள் நகர்ந்து கிலோ காட்டும். மாஸ்டர் இறுக்கினால் நாற்பத்தெட்டு. மூன்று மாதத்துக்கொரு முறை பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி அளப்பார். இருபதுக்குக் கீழே போனால், குறைந்த ஒவ்வொரு கிலோவுக்கும் வலது கை விரல்கள் மேல் இரண்டு அடி. அடுத்த முறை பார்த்தால் முள் ஏறியிருக்கும். தினமும் ஒரு மணி நேரம் கயிறு ஏறி, பந்தெறிந்து, வேர்க்க விறுவிறுக்க ஓடுகிற பிள்ளைகளுக்கு ஏறாமல் என்ன செய்யும்? மனுஷன் அந்தப் பெருமையைத் தூக்கி மூங்கிலுக்குக் கொடுத்தார்.

பந்தாட்ட அணியில் கோல் காக்கும் பெண் ஒருத்தி இருந்தாள். பன்னிரண்டு வயது. பாய்ந்து விழுந்து பந்தைப் பிடிப்பதில் சூரப்புலி. முதல் முறை அவளுக்குப் பதினெட்டு, நாலு அடி. அடுத்த முறை பதினைந்துதான் காட்டியது.

"நடிக்காதே. அமுக்கு!"

"முடியல சார். விரல் மடங்க மாட்டேங்குது."

"எல்லாருக்கும் மடங்குது, உனக்கு மட்டும் மடங்காதா?"

பத்து அடி. அணியிலிருந்தும் தூக்கிவிட்டார். அவள் இடத்தில் வேறொருத்தி நின்றாள். இவள் கோட்டுக்கு வெளியே பந்து பொறுக்கினாள். வீட்டில் மூச்சு விடவில்லை. அம்மா வந்து சண்டை போட்டால் அப்புறம் அணியில் சேர்க்கவே மாட்டார்கள் என்ற பயம். மூன்றாம் முறை முள் பதினொன்றைத் தாண்டவில்லை.

பதினெட்டு அடி. பன்னிரண்டாவது அடியில் ஏதோ முறிகிற சத்தம் கேட்டது. மூங்கில்தான் விரிசல் விட்டது என்று நினைத்து மாஸ்டர் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அது நன்றாகத்தான் இருந்தது. மிச்சம் ஆறையும் அடித்து முடித்தார்.

மறுநாள் காலை அவளுடைய அம்மா வந்தாள். கிடங்கில் மூட்டை தூக்குகிறவள். மாவுக்கட்டுப் போட்ட மகளை வாசலில் நிறுத்திவிட்டு, விளையாட்டு அறைக்குள் வந்து எக்ஸ்ரேயைப் பந்துக் கூடைமேல் போட்டாள்.

"மூணு எலும்பு சார். ஒண்ணு நேத்து உடைஞ்சது. மத்த ரெண்டும் எப்பவோ உடைஞ்சு கோணலா கூடியிருக்காம். இனிமே இவ கோல் நிக்க முடியுமான்னு கேட்டேன். டாக்டர் இந்தப் படத்தை என் கையில குடுத்து அனுப்பிட்டார்."

"ஏம்மா, நான் அவ நல்லதுக்குத்தான்..."

"நல்லதுக்கா? நீயே கையை உடைச்சுட்டு, அந்தக் கையிலேயே பலத்தை அளந்து, குறைஞ்சு போச்சுன்னு மறுபடியும் உடைச்சிருக்கே. நீ விளங்குவியாய்யா?"

அவர் வாய் திறப்பதற்குள் அவருடைய வலது மணிக்கட்டு அவள் பிடிக்குள் இருந்தது. இழுத்துப் பார்த்தார், அசையவில்லை. இடது கையை ஓங்கினார். அவள் தோளால் ஒரு முட்டு முட்டினாள். சுவரில் மோதி அவர் மூக்குடைந்து, சட்டையெல்லாம் ரத்தம். விழுந்து கிடந்த மூங்கிலை எடுத்தாள். அவர் கையை மேஜைமேல் அழுத்தி விரித்தாள்.

"ஒண்ணு."

வாய்விட்டு எண்ணினாள். ஐந்தில் தோல் கிழிந்தது. ஒன்பதில் மாஸ்டர் அம்மா என்று அலறினார். பதினான்கில் மண்டியிட்டார். அவளுக்கும் கண்ணீர் ஓடியது, ஆனால் கை நிற்கவில்லை. பதினெட்டு முடிந்ததும் மூங்கிலை எறிந்துவிட்டு, இரும்புக் கருவியை அவருடைய வீங்கிய கைக்குள் திணித்தாள்.

"இப்ப அமுக்கு."

பல்லைக் கடித்துக்கொண்டு இறுக்கினார். முள் ஒன்பதில் நடுங்கி நின்றது.

"முடியலம்மா... விரல் மடங்கல..."

வாசலில் நின்ற மகள் மெல்ல உள்ளே வந்தாள். கட்டுப்போட்ட கையை நெஞ்சோடு அணைத்தபடி குனிந்து முள்ளைப் பார்த்தாள்.

"நடிக்காதீங்க சார்," என்றாள். "அமுக்குங்க."