இரண்டாம் தூணுக்கும் மூன்றாம் தூணுக்கும் நடுவே

எங்கள் ஊர் லுத்தரன் கோயில் இப்போது இல்லை. அது நின்ற இடத்தில் வேறொரு கோயில் இருக்கிறது. வெளிச்சமாக, காற்றோட்டமாக, நல்ல மைக் செட்டோடு இருக்கிறது. குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனாலும் பெங்களூரிலிருந்து நன்னிலம் பக்கம் போகும்போதெல்லாம் சந்தைத் தெருவில் இறங்கி, அதன் வாசலில் நின்று பழையதைத்தான் தேடுகிறேன். எனக்கு இந்தப் புத்தி போகவே போகாது.

பழையதை வெள்ளைக்காரப் பாதிரிமார்கள் கட்டினார்கள். வெளியே பார்த்தால் நெல் கிடங்கு மாதிரிதான் இருக்கும். கோபுரம் கிடையாது, சுரூபம் கிடையாது, ஜன்னலில் வண்ணக் கண்ணாடிகூடக் கிடையாது. சந்தைக்கு வந்தவர்கள் கோயில் என்று தெரியாமல் சுவரோரம் மாட்டைக் கட்டிவிட்டுப் போவார்கள். உள்ளே போனால்தான் அதன் கம்பீரம் தெரியும். கனத்த சுண்ணாம்புச் சுவர், தேக்கு உத்தரங்கள், சித்திரை வெயிலிலும் பாதம் குளிரும் செங்கல் தரை. கூரையைத் தாங்க இரண்டு வரிசைத் தூண்கள். நானும் என் சிநேகிதியும் சேர்ந்து ஒரு தூணைக் கட்டிப்பிடித்தாலும் கைகள் எட்டாது.

தெற்கு வாசல் பெண்களுக்கு, வடக்கு வாசல் ஆண்களுக்கு. பாயில்தான் உட்காருவோம். நடுவில் தூண்கள் நிற்பதால் இந்தப் பக்கத்துப் பெண்ணுக்கு அந்தப் பக்கத்து ஆண் தெரிய மாட்டான். கட்டியவர்கள் யோசித்துச் செய்தார்களா, கூரைக்காகச் செய்தது அப்படி அமைந்துவிட்டதா, தெரியாது. எப்படியோ எல்லாருடைய கண்ணும் பலிபீடத்தின் மேலேயே இருந்தது, அம்மாவின் கண்ணைத் தவிர.

அம்மா எப்போதும் சுவரோரம் ஒரே இடத்தில்தான் உட்காருவாள். அங்கே ஃபேன் காற்று எட்டாது. பிரசங்கம் நீண்ட ஒருநாள், அவள் எதைத்தான் பார்க்கிறாள் என்று நானும் அந்தத் திசையில் பார்த்தேன். இரண்டாம் தூணுக்கும் மூன்றாம் தூணுக்கும் நடுவே, கோணலாக, எதிர்ச்சுவரில் சாய்ந்தபடி அப்பா தெரிந்தார். அவரும் இந்தப் பக்கம்தான் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. வீட்டில் அவர்கள் அப்படிப் பார்த்துக்கொண்டு நான் கண்டதே இல்லை. அப்பா ரைஸ்மில்லில் மெக்கானிக். விடிவதற்குள் கிளம்பிவிடுவார். திரும்பி வந்தால் வீடு நிறைய சித்தப்பா, சித்தி, அத்தை என்று ஆட்கள். புருஷனும் பொண்டாட்டியும் நிதானமாக முகம் பார்க்க அவர்களுக்குக் கிடைத்த ஒரே இடம் அந்தக் கோயில்தான்.

ஆற்றில் தண்ணீர் வராமல் குறுவை போன வருஷங்களில் மில்லை மூடிவிட்டார்கள். அப்பா மஸ்கட்டுக்குப் போனார். அம்மா மட்டும் அதே இடத்தில் உட்கார்ந்தாள். காற்று வருகிற பக்கம் வரச் சொல்லி நான் கையைப் பிடித்து இழுத்தாலும், "நீ போய் உக்காரு, எனக்கு இதான் வசதி" என்பாள். தூண்களுக்கு நடுவே இப்போது வெறும் சுவர். அதில் அப்பாவின் தலையெண்ணெய் பட்ட கறை மட்டும் இருந்தது. அதைப் பார்த்தபடி அம்மா ஞானப்பாட்டு பாடுவாள். அப்போது எனக்கு எரிச்சலாக வரும்.

பிறகு ஊரில் வெளிநாட்டுக் காசு புரள ஆரம்பித்தது. துபாய், மஸ்கட், சிங்கப்பூர் போனவர்கள் சேர்ந்து புதுக் கோயில் கட்டித் தருவதாகச் சொன்னார்கள். ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சபைச் செயலர் வரைபடத்தை விரித்துக் காட்டினார்.

"தூணே கெடையாது. ஒரே ஹால். பெஞ்சு போடுறோம். யாரும் யாரையும் மறைக்க மாட்டாங்க."

சபைக் கூட்டத்தில் அதுவரை வாயே திறக்காத அம்மா எழுந்தாள். "அவங்க வர்ற வரைக்கும் இடிக்காம இருக்கலாங்களா?"

"யாரும்மா வரணும்?"

"எங்க வீட்டுக்காரங்க."

செயலர் சிரித்துவிட்டார். "நல்லா கேட்டீங்க போங்க. தூண எடுத்துட்டு பெஞ்சு போடணும்னு மஸ்கட்லேர்ந்து மொதல்ல சொன்னவரே உங்க வீட்டுக்காரர்தான்."

அம்மா உட்கார்ந்துவிட்டாள். அன்று சாயங்காலம் எஸ்.டி.டி. பூத்துக்கு என்னையும் அழைத்துப் போனாள். "இடிக்கிறதுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவ வந்து அங்க உக்காந்துட்டுப் போயிடுங்களேன்" என்று போனில் கெஞ்சினாள். அப்பாவுக்கு லீவு கிடைக்கவில்லை. ஈஸ்டர் முடிந்ததும் இடித்தார்கள். தூண்கள் லேசில் விழவில்லை. கடப்பாரைக்காரர்கள் திணறிப்போனார்கள். அம்மா அந்தப் பக்கமே போகவில்லை. சந்தைக்குக்கூட என்னைத்தான் அனுப்பினாள்.

புதுக் கோயில் பிரதிஷ்டையெல்லாம் முடிந்த பிறகுதான் அப்பா வந்தார். முதல் ஞாயிறு, அம்மா உட்கார்ந்திருந்த பெஞ்சுக்கு வந்து, அவளை ஒட்டி உட்கார்ந்தார். முகத்தில் அப்படி ஒரு பெருமை. வீடு திரும்பும் வழியில் அவராகவே சொன்னார்.

"அங்க வெள்ளிக்கிழமதான் லீவு. அன்னைக்கு ஆராதனையில, குடும்பத்தோட இருக்கவங்க எல்லாம் புருஷன் பொண்டாட்டி புள்ளைங்கன்னு ஒரே வரிசையில உக்காந்திருப்பாங்க. நான் ஒத்தையா கடைசியில கெடப்பேன். நாமளும் ஒருநாள் இப்படி உக்காரணும்னு தோணும். அதுக்குத்தான் தூண எடுக்கச் சொன்னேன்."

அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். பிறகு, "பக்கத்துல உக்காந்தா உங்க மூஞ்சி தெரியலங்க" என்றாள்.

அப்பா வாய்க்கால் மதகடியில் அப்படியே நின்றுவிட்டார். எனக்கு இரண்டு பேர் மேலும் கோபம் வந்தது. இத்தனை வருஷமாகப் போனில் அரிசி விலையையும் என் படிப்பையும் பேசினார்களே, இதைப் பேசியிருக்கக் கூடாதா?

லீவு முடிய இன்னும் ஒரு ஞாயிறுதான் இருந்தது. அன்று எல்லாரும் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்திருந்தார்கள். அப்பா எங்களை ஒரு பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு, நடைபாதையைத் தாண்டி எதிர்ப்பக்கம் போய், எங்களைப் பார்க்கும்படி ஒருக்களித்து உட்கார்ந்தார். குடும்பத்தோடு போய் உட்காரச் சொல்லிச் செயலர் சைகை காட்டினார். அப்பா அசையவில்லை. மறைக்கத் தூண் இல்லாததால் சபை மொத்தமும் அவர்களைத் திரும்பிப் பார்த்தது. அம்மா தலை குனியவில்லை. பாட்டுப் புத்தகத்தைக்கூட அன்று அவள் திறக்கவில்லை.