நடுவானில் என் மேல் விழுந்த பிள்ளை

சபையில் எழுந்து நின்று பேச எனக்கு வராது. அதனால் எழுதித் தருகிறேன். ஆண்டவர் எனக்குச் செய்ததை மறைத்துவைக்க மனமில்லை.

என் பெயர் எப்சிபா. ஊர் சுரண்டை. விமானத்தில் பணிப்பெண்ணாக இருந்தேன். போன வருஷம் மழைக்காலத்தில் வடக்கேயிருந்து திருவனந்தபுரம் வந்துகொண்டிருந்தோம். வானம் தெளிவாகத்தான் இருந்தது. சீட் பெல்ட் விளக்கை அணைத்துவிட்டார்கள். நான் நடைபாதையில் டீ கொடுத்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் பாதையில் ஒரு ராணுவ விமானம் குறுக்கே வந்திருக்கிறது. இரண்டும் ஏறக்குறைய ஒரே உயரத்தில். எங்கள் விமானத்தில் இருந்த எச்சரிக்கைக் கருவி, உடனே கீழே இறங்கச் சொல்லிக் குரல் கொடுத்திருக்கிறது. கேப்டன் விமானத்தைச் சட்டென்று கீழே இறக்கினார். இதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது. அந்த நேரத்தில் எனக்குத் தெரிந்தது, என் கால் தரையில் இல்லை என்பது மட்டும்தான்.

கப்புகளும் தட்டுகளும் மேலே போயின. பெல்ட் போடாதவர்களும் போனார்கள். நான் நின்ற இடத்துக்குப் பக்கத்து இருக்கையில் ஒரு பெண் கைக்குழந்தையை மடியில் வைத்திருந்தாள். அந்தப் பிள்ளை அவள் கையை விட்டு எழும்பியது. "இயேசுவே, பிள்ள!" என்று கத்தினேன். அதை ஜெபம் என்று சொல்லலாமா தெரியவில்லை. அதற்கு மேல் சொல்ல நேரமில்லை.

என் தலை கூரையில் இடித்தது. பிறகு விழுந்தேன். இருக்கையின் கைப்பிடி முதுகில் குத்தியது. கண் திறந்தபோது பிள்ளை என் நெஞ்சின் மேல் கிடந்து வீரிட்டு அழுதுகொண்டிருந்தது. ஒரு கீறல்கூட இல்லை. நான் பிடித்தேனா, தானாக என் மேல் விழுந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

ஜன்னலோரம் இருந்த ஒருவர் மட்டும் அந்த ராணுவ விமானத்தைப் பார்த்திருக்கிறார். தலைக்கு மேல் ஒரு நிழல் கடந்து போனது போலிருந்தது என்றார். யார் மீது தவறு என்று எனக்குத் தெரியாது. விசாரணை நடக்கிறது. அதைப் பற்றி எழுத எனக்கு ஒன்றுமில்லை.

எனக்கு முதுகெலும்பில் அடி. இரண்டு காலிலும் உணர்ச்சி இல்லை. ஆபரேஷன் முடிந்ததும் டாக்டர், "வீக்கம் வடியட்டும், பிறகுதான் எதுவும் சொல்ல முடியும்" என்றார். வீட்டுக்குக் கொண்டுவந்து கட்டிலில் போட்டார்கள்.

சபையார் வந்து ஜெபித்தார்கள். நானும் ஆமென் சொன்னேன். உள்ளே ஒன்றும் இல்லை. அம்மா குளிப்பாட்டி, உடை மாற்றிவிட்டு, "ஒரு வார்த்த ஜெபம் பண்ணுட்டி" என்பாள். நான் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வேன். ஒரே ஒரு தடவை வாய் திறந்தேன். "இப்படிப் படுக்கப் போடத்தான் காப்பாத்துனீரா?" என்று கேட்டேன். அதற்குப் பிறகு கேட்கவும் தோன்றவில்லை.

தை மாதத்தில் ஒரு நாள் மத்தியானம் வாசலில் யாரோ என் பெயரைச் சொல்லிக் கேட்டார்கள். அந்தப் பிள்ளையின் தாய்தான். பெயர் மாரிச்செல்வி, வீரகேரளம்புதூர்ப் பக்கம். புருஷன் ராணுவத்தில் இருக்கிறார். அவரைப் பார்த்துவிட்டு ஊர் திரும்பும்போதுதான் அந்த விமானத்தில் ஏறியிருக்கிறாள். இத்தனை கிட்டத்தில் இருந்தோம் என்று இருவருக்குமே தெரியாது. யார் யாரிடமோ விசாரித்து, பஸ் ஏறி வந்துவிட்டாள்.

கட்டிலைப் பார்த்ததும் அழுதாள். பிறகு சொன்னாள்: "அக்கா, ஒங்க பேரு சட்டையில குத்தியிருந்துச்சுல்லா, அத மனசுல வச்சுக்கிட்டேன். தெனமும் வெளக்கு ஏத்தும்போது ஒங்க பேரச் சொல்லித்தான் கும்பிடுதேன். எங்க சாமிக்கிட்டயும் சொல்லுதேன், ஒங்க இயேசுசாமிக்கிட்டயும் சொல்லுதேன். நீங்க அவரத்தான கூப்பிட்டிய?"

அம்மா என்னைப் பார்த்தாள். அவள் இரண்டு சாமியையும் சேர்த்துச் சொன்னதை நான் திருத்தவில்லை. நான் வாயை மூடிக்கொண்ட நாளெல்லாம், எங்கோ ஒரு வீட்டில் ஒருத்தி ஆண்டவரிடம் என் பெயரைச் சொல்லியிருக்கிறாள். எனக்கு முதல் தடவையாக அழுகை வந்தது.

அம்மா காப்பி போடப் போனாள். மாரிச்செல்வி பிள்ளையைக் கட்டிலின் கால்மாட்டில் விட்டிருந்தாள். அவன் போர்வையைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கப் பழகிக்கொண்டிருந்தான். நான் அவன் தாயிடம் பேசிக்கொண்டிருந்தேன். பாதத்தில் ஏதோ சுருக்கென்றது.

"அம்மா, யாரோ என் பெருவிரல இழுக்காவ."

அம்மா அடுக்களையிலிருந்து ஓடி வந்தாள். "என்னட்டி சொல்லுத?"

பிள்ளை என் விரலைப் பிடித்துக் கடிக்கப் பார்த்துக்கொண்டிருந்தான். அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

டாக்டரிடம் சொன்னேன். நரம்பு விழித்துக்கொள்ள அதுதான் காலம், எதிர்பார்த்ததுதான் என்றார். அவர் சொல்வதை நான் மறுக்கவில்லை. அந்த விரலை அந்தப் பிள்ளை வந்து பிடித்ததையும் என்னால் மறுக்க முடியவில்லை.

பிறகு நடைப்பயிற்சி. வலி கொஞ்சநஞ்சமல்ல. இந்த வருஷச் சாரல் சீசனில் அம்மாவுடன் குற்றாலம் போனேன். கூட்டத்துக்குள் அருவிப் பாதையில் என் காலாலேயே நடந்தேன். முதுகுக்கு ஆகாது என்பதால் தண்ணீருக்குள் நிற்கவில்லை. தள்ளி நின்றேன். சாரல் முகத்தில் பட்டது. எனக்கு அது போதுமாக இருந்தது.

இப்போது நான் பறப்பதில்லை. புதிதாகப் பணிப்பெண்ணாக வருகிறவர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். பறக்கும்போது சீட் பெல்ட் விளக்கு அணைந்திருந்தாலும் பெல்ட்டைக் கழற்ற வேண்டாம் என்று பயணிகளிடம் சொல்லுங்கள் என்பேன். காலையில் வகுப்புக்குப் போகுமுன் மற்றவர்களின் பெயர்களைச் சொல்லி ஜெபிக்கிறேன். முகம் தெரியாதவர்களின் பெயர்களும் அதில் உண்டு. முன்பு எனக்கு அந்தப் பழக்கம் இல்லை.

இதை வாசிக்கிற யாராவது ஜெபிக்கவே முடியாமல் படுத்திருக்கலாம். உங்களை நான் கண்டிக்க மாட்டேன். நானும் அப்படித்தான் கிடந்தேன். ஆண்டவரை நம்பிச் சும்மா படுத்திருங்கள். உங்கள் பெயர் இந்நேரம் யாரோ ஒருவர் வாயில் இருக்கும்.