முப்பத்திரண்டு பாத்ரூம்

எனக்கு எதையும் வீணாக்கினால் ஆகாது. பிறவிக் குணம். தட்டில் மிச்சம் வைக்கிறவர்களை இன்றைக்கும் முறைத்துத்தான் பார்ப்பேன், அது சம்பந்தி வீட்டாராக இருந்தாலும் சரி. திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் லாட்ஜை மாமனார் காலத்துக்குப் பிறகு நான் கையில் எடுத்த அன்று, மொட்டைமாடித் தொட்டி நிரம்பி, சுவரோரமாக வழிந்து, தெருவில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. லாரித் தண்ணீர். காசு கொடுத்து வாங்கின தண்ணீரைத் தெருவுக்கு விடுகிறவன் மனுஷனா என்று நின்ற இடத்திலேயே கத்தினேன். அன்றைக்கே எல்லாருக்கும் தெரிந்துவிட்டது, இனிமேல் இங்கே யார் சத்தம் எடுபடும் என்று.

கீழே சாப்பாட்டு ஹோட்டல், அதை என் வீட்டுக்காரர் பார்த்துக்கொள்வார். மேலே இரண்டு மாடி, முப்பத்திரண்டு ரூம், அது முழுக்க என் பொறுப்பு. வெந்நீருக்கு சோலார் போட்டேன். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலை நிறுத்திவிட்டு ரூமுக்கு ஒரு மூடி போட்ட கண்ணாடிக் குடுவை வைத்தேன். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குக் காய் எடுக்க வந்து எங்களிடம் தங்கும் ஒரு வியாபாரி, "சீல் உடைக்காத பாட்டில் குடுங்க, இது எந்தத் தண்ணின்னு யாருக்குத் தெரியும்" என்று மல்லுக்கு நின்றார். அவர் முன்னாலேயே ஒரு டம்ளர் ஊற்றி மடமடவென்று குடித்துக் காட்டினேன். அதற்கப்புறம் அவர் பாட்டில் பேச்சே எடுத்ததில்லை.

படுக்கை விரிப்பெல்லாம் சின்னாளப்பட்டித் தறியில் நெய்தது. "சாயம் போகும், பாரு" என்றார் வீட்டுக்காரர். போகவில்லை. சமையல்கட்டில் விழும் காய்த்தோலையும் எச்சில் இலையையும் ஒரு பூ விவசாயி நாள் தவறாமல் வண்டியில் வந்து எருவுக்கு எடுத்துப்போவார். மாடிக்கு மாடி தண்ணீர் மீட்டர் வைத்து, படிக்கட்டுப் பக்கம் ஒரு கரும்பலகை மாட்டி, நேற்று எவ்வளவு செலவு என்று நானே சாக்பீஸால் எழுதுவேன். கொஞ்சம் தலைக்கனம் இருந்ததுதான், இல்லையென்று சொல்லமாட்டேன். செய்கிறவளுக்கு இல்லாமல் வேறு யாருக்கு இருக்கும்?

ரூம் சுத்தம் செய்ய ஏழு பெண்கள். அவர்களில் மூத்தவளை எல்லாரும் மாடியக்கா என்போம். ஆள் குறைவாக இருந்த காலத்தில் இரண்டாவது மாடியை அவள் ஒருத்தியாகப் பார்த்துவந்ததால் வந்த பெயர். அவள் விரித்த படுக்கையில் ஒரு சுருக்கம் பார்க்க முடியாது. மற்ற ஆறு பேரும் அவள் சொன்னால் கேட்பார்கள். நான் சொன்னால் பயப்படுவார்கள். அந்த வித்தியாசம் அப்போது எனக்கு உறைக்கவில்லை.

காலை பதினொரு மணிக்கு அவர்களுக்கு மேலே டீ அனுப்புவோம். முக்கால்வாசி நாள் ஆடை படிந்து அப்படியே திரும்பி வரும். "ஏன்க்கா, டீ நல்லா இல்லையா?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் நல்லாத்தான் இருக்கு மேடம். எங்களுக்குப் பழக்கமில்ல" என்றாள் மாடியக்கா.

பாலும் சீனியும் வீணாகிறதே என்று டீயை நிறுத்தினேன். அவர்களுக்கென்று வைத்திருந்த குடிதண்ணீர் கேனும் அப்படித்தான். ஏழு பேருக்கு ஒரு கேன் மூன்று நாள் வந்தது. கீழே சமையல்கட்டு ஆட்களுக்கு ஒரு நாளைக்கே பத்தாது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஊர் லாட்ஜ்காரர்கள் கூடின ஒரு கூட்டத்தில் என்னைப் பேசச் சொன்னபோது, சோலாரையும் மீட்டரையும் சொல்லி முடித்துவிட்டு, "எங்க பொண்ணுக குடிக்கிற தண்ணியக்கூட வீணாக்க மாட்டாளுக" என்று சேர்த்துச் சொன்னேன். கை தட்டினார்கள். நானும் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தேன். இப்போது நினைத்தாலும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது.

அந்தக் கூட்டம் முடிந்து பத்து நாள் இருக்கும். காலையில் நான் பலகையில் எழுதிக்கொண்டிருக்கும்போது மாடியக்கா படியில் பாதி இறங்கி, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். கிட்டே போய்த் தொட்டால் உடம்பு கொதிக்கிறது, பல்லோ குளிரில் தந்தியடிக்கிறது. ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். வழியெல்லாம், "ரெண்டாவது மாடியில ரெண்டு ரூம் பாக்கி மேடம்" என்றே புலம்பிக்கொண்டு வந்தாள்.

டாக்டர் சின்ன வயசுப் பெண். வயிற்றையும் இடுப்பையும் அழுத்திப் பார்த்துவிட்டு, "ஒன்னுக்குப் போனா எரியுதா? எம்புட்டு நாளா?" என்று கேட்டாள்.

"மூணு மாசமா. வரும், போகும்."

"தண்ணி நல்லாக் குடிக்கிறீங்களா?"

"பழக்கமில்ல" என்றாள் மாடியக்கா.

"வேலை பாக்குற எடத்துல பாத்ரூம் இருக்கா?"

மாடியக்கா என்னைப் பார்த்தாள். பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். டாக்டர் என் பக்கம் திரும்பி, "நீங்க யாரு?" என்றாள். சொன்னேன்.

"லாட்ஜா? எத்தனை ரூம்?"

"முப்பத்திரண்டு."

"எல்லாத்துலயும் பாத்ரூம் இருக்கா?"

இருக்கிறது என்றேன். அந்தப் பெண் என் பக்கமிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சீட்டு எழுதிக்கொண்டே அக்காவிடம், "கிருமி கிட்னி வரைக்கும் ஏறிருச்சு. இனிமே அடக்கிவைக்கக் கூடாது. திரும்பவும் இப்பிடி வந்தா மாத்திரையோட போகாது" என்றாள். வெளியே பெஞ்சில் வந்து உட்கார்ந்தேன். எனக்கு வெட்கமாக இருந்தது. யாராவது தெரிந்தவர்கள் வந்துவிடக் கூடாதே என்று இருந்தது.

கீழே சமையல்கட்டுக்குப் பின்னால் ஒரு கக்கூஸ் உண்டு. ஆண்கள் எட்டுப் பேர் போவார்கள். மாவாட்டுகிறவர் உட்கார்ந்திருக்கும் இடத்துக்கு நேர் எதிரே கதவு, அதற்கும் உள்தாழ்ப்பாள் கிடையாது. எந்தப் பெண் போவாள்? எனக்கு வீடு பின்தெருவில், நான் நடந்து வீட்டுக்குப் போய்விடுவேன். ரூம் பாத்ரூமை அவர்கள் தொடக் கூடாது என்பது மாமனார் காலத்துச் சட்டம். எங்கேயும் எழுதி ஒட்டவில்லை, ஆனால் சேர்ந்த முதல் நாளே சொல்லிவிடுவோம். இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு பெண் காலியான ரூமில் போய்விட்டு வந்ததைப் பார்த்து, அன்று சாயங்காலமே கணக்குத் தீர்த்து அனுப்பியது நான்தான். அது அந்த ஏழு பேருக்கும் ஞாபகம் இருந்தது. எனக்குத்தான் மறந்துபோயிருந்தது.

வீட்டில் காலையில் ஒரு வாய் காப்பி குடிக்காமல் கிளம்பி, நாள் முழுக்க முப்பத்திரண்டு பாத்ரூமைத் தேய்த்துக் கழுவிவிட்டு, சாயங்காலம் வீட்டுக்குப் போய்த்தான் அவர்கள் ஒதுங்கியிருக்கிறார்கள். நான் அதை மிச்சம் என்று கணக்குப் பண்ணி, மேடையேறிப் பீற்றிக்கொண்டிருக்கிறேன். ஊருக்கு உபதேசம் சொல்கிறவள் லட்சணம் அது.

அன்று சாயங்காலமே வீட்டுக்காரரிடம் சொன்னேன், இவர்களுக்கு இரண்டு கக்கூஸ் கட்ட வேண்டும் என்று. நல்ல மனுஷன், மாட்டேன் என்று சொல்லவில்லை. ஆனால் எங்களிடம் காலியாக இருப்பது பின்பக்கம் வடகிழக்கு மூலை மட்டும்தான். "ஈசானி மூலையில போயி கக்கூஸா? எங்கப்பா இருந்தா வெட்டிப் போட்டிருப்பாரு. வாஸ்து பாக்குறவரு தை பொறந்ததும் வாரேன்னு சொல்லியிருக்காரு, செத்தப் பொறு" என்றார்.

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ. "அந்த மூலையப் பாத்துக்க சாமி இருக்கு. இவளுகளப் பாத்துக்க யாரு இருக்கா? தை வரைக்கும் அடக்கிட்டு இருக்கச் சொல்றீகளா?" என்று கேட்டேன். விறுவிறுவென்று லாட்ஜ் ரிசப்ஷனுக்குப் போய், முதல் மாடியில் ரோட்டைப் பார்த்த முன் ரூம் சாவியை எடுத்தேன். எங்களிடம் இருப்பதிலேயே முதலில் நிரம்புகிற ரூம். அதைப் பதிவுப் புத்தகத்திலிருந்தே அடித்துவிட்டேன். கொத்தனாரும் வேண்டாம், வாஸ்துவும் வேண்டாம், ஒரு சாவி போதுமாக இருந்தது. இதை எந்த நாளும் செய்திருக்கலாம் என்பதுதான் எனக்கு ரொம்பவும் வலித்தது.

மறுநாள் ஆறு பேரையும் கூப்பிட்டு, "இது உங்க ரூம். போங்க, வாங்க, கட்டில்ல செத்த நேரம் காலை நீட்டிப் படுங்க, யாரும் ஒன்னும் கேக்க மாட்டாங்க" என்று சொல்லிச் சாவியை அந்த ரூம் வாசல் ஆணியில் மாட்டினேன். சரி மேடம், சரி மேடம் என்று தலையாட்டினார்கள். சாவி ஆணியிலேயே தொங்கியது. ஐந்து நாள் கழித்துப் போய்ப் பார்த்தால் பாத்ரூம் தரை காய்ந்து கிடக்கிறது, சோப்பு உறை பிரிக்காமல் இருக்கிறது. எனக்கு மூக்கு முட்டக் கோபம். ஒருத்தியைப் பிடித்து உலுக்காத குறையாகக் கேட்டேன். அவள் முந்தானையைத் திருகிக்கொண்டே, "மாடியக்கா வரட்டும் மேடம்" என்றாள்.

என் பேச்சை அவர்கள் நம்பவில்லை. எப்படி நம்புவார்கள்? இன்றைக்குக் கொடுத்துவிட்டு, நாளைக்கு ஒருத்தியைப் பிடித்துக் கணக்குத் தீர்க்கிறவள்தானே நான். மாடியக்கா திரும்பி வந்தால்தான் அந்தக் கதவு திறக்கும் என்று தெரிந்துபோயிற்று.

அவள் வீடு பேகம்பூரைத் தாண்டி ஒரு சந்தில். ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு உள்ளே போனேன். வெஞ்சனத்துக்கு அவரைக்காய் ஆய்ந்துகொண்டிருந்தாள். முகம் தெளிந்திருந்தது. "வாங்க மேடம்" என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். நான் கீழேயே உட்கார்ந்தேன்.

"தப்பு எம்மேலதான்க்கா. எனக்குத் தெரிஞ்சிருக்கணும்" என்றேன்.

"கேட்டிருந்தா குடுத்திருப்பீங்க மேடம், எனக்குத் தெரியும். ஆனா இத எப்பிடிப் போயி வாய்விட்டுக் கேக்குறது? அம்பது வயசுக்காரி ஒன்னுக்குப் போகணும்னு வந்து நின்னா நல்லாவா இருக்கும்?"

ரூம் ஒதுக்கியதைச் சொன்னேன். யாரும் போகாததையும் சொன்னேன். லேசாகச் சிரித்தாள். "பயந்த கழுதைக" என்றாள். பிறகு நான் கேட்பதற்கு முன்னாலேயே, "நான் வேலைக்கு வரல மேடம். பைபாஸ்ல ஒரு பெரிய ஹோட்டல்ல பேசியாச்சு, திங்கக்கிழமை சேர்றேன். கோவமெல்லாம் இல்ல. அந்தப் படியில ஏறுனா அன்னைக்கு விழுந்தது ஞாபகம் வருது" என்றாள்.

சம்பளம் கூட்டித் தருகிறேன் என்றேன், கீழ்மாடி மட்டும் பாருங்கள் என்றேன். கெஞ்சினேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அவள் அவரைக்காய் நாரை உரித்துக்கொண்டே கேட்டாள், அசையவில்லை. கிளம்பும்போது மட்டும், "நாளைக்கு ஒருக்கா வந்துட்டுப் போறேன்" என்றாள்.

வந்தாள். வேலைக்கு வருகிற மாதிரி பின்வாசல் வழியாக இல்லை, ஆட்கள் உட்கார்ந்திருக்கும் முன்வாசல் வழியாக. முதல் மாடிக்கு ஏறி, ஆணியிலிருந்து சாவியை எடுத்து, ஆறு பேர் பார்க்கக் கதவைத் திறந்து உள்ளே போய்த் தாழிட்டுக்கொண்டாள். தண்ணீர் ஊற்றுகிற சத்தம் வெளியே கேட்டது. ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து, சாவியை அந்த ஆறு பேரில் சின்னவள் கையில் கொடுத்தாள். "போடீ" என்றாள். அவள் போனாள். அப்புறம் அடுத்தவள். நான் அங்கே நிற்பது சரியில்லை என்று இறங்கி வந்துவிட்டேன்.

மாடியக்கா போய் மூன்று வாரம் இருக்கும். பைபாஸ் ஹோட்டல்காரர் எனக்குப் போன் செய்தார். கூட்டத்தில் நான் பேசினபோது முன்வரிசையில் உட்கார்ந்து கை தட்டினவர்.

"என்னம்மா, உங்க ஆளு இங்க வந்து ஆட்டம் காட்டுது. பொம்பளைகளுக்குன்னு ஒரு ரூம் ஒதுக்குனாத்தான் நாளைக்கு வேலைன்னு எங்க பொண்ணுக ஒம்பது பேரையும் உக்கார வச்சிருச்சு. நீங்க சொல்லிக் குடுத்து அனுப்புனதுதான?"

ஆமாம் என்று சொல்லிவிட எனக்கு அவ்வளவு ஆசையாக இருந்தது. நாலு பேரிடம் சொல்லிக்கொள்ளலாம், அடுத்த கூட்டத்தில் பேசலாம்.

"இல்லண்ணே. எங்கிட்ட இருந்தப்ப அதுக்கு வாயே கிடையாது. என்னால சீக்கு வந்து, அதுல கத்துக்கிட்டது" என்றேன். "பேசாம சாவியக் குடுத்துருங்க."